இடது பின்கதவு

இருபது வயதில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஏறி ஊரை விட்டுப் போன அர்த்தநாரி, ஆந்திரா, சத்தீஸ்கர், ஒடிசா என்று கண்ட மாநிலத்துப் பாறைகளையெல்லாம் துளைத்து முடித்துவிட்டு, சொந்தமாக இரண்டு ரிக் வண்டிகளும் மந்தமான இரண்டு காதுகளுமாகத் திருச்செங்கோட்டுக்குத் திரும்பி வந்தார். கம்ப்ரசரின் கூச்சலுக்குப் பக்கத்தில் நின்றே வாலிபம் கழிந்துபோனதால் அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அவர் சோறு கேட்டால் பக்கத்து வீட்டில் தட்டு வைப்பார்கள் என்று மனைவி பூவாயி சொல்வாள். வெளிச்சத்தம் பாதிதான் கேட்டது, ஆனால் அந்தக் கம்ப்ரசர் மட்டும் காதை விட்டுப் போகாமல், படுத்தாலும் எழுந்தாலும் கோயிலில் கண்ணை மூடி நின்றாலும் தலைக்குள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. ஒருநாள் கோயம்புத்தூரில் யாருக்கோ துணையாக ஷோரூமுக்குப் போனவர், அங்கே நின்ற வெளிநாட்டுக் கார் ஒன்றின் பின்சீட்டில் சும்மா ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். சாத்தியதும் தலைக்குள் ஓடிய கம்ப்ரசர் நின்றுபோனது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. பிறகு இறங்கி வந்து, எனக்கு இந்த வண்டி வேண்டும் என்று சொன்னது மாடியில் இருந்த மேனேஜருக்குக்கூடக் கேட்டது.

கருநீல நிறத்தில் கார் வந்து சேர்ந்தது. ஊர் வந்து பார்த்தது, மலையடிவாரத்தில் பூசை ஆனது, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. முதல் சில நாட்கள் அர்த்தநாரி வேலை எதுவும் இல்லாமலேயே காரை எடுத்துக்கொண்டு சங்ககிரி வரைக்கும் போய்த் திரும்பினார். தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதுபோல அந்த அமைதியைக் குடித்தார். அப்புறம் குருக்கபாளையம் ரோட்டில் ஒரு காலை, இடது பின்கதவுக்குள் அது தொடங்கியது.

டொக்.

கொஞ்ச நேரம் கழித்து, மறுபடி, டொக். யாரோ விரலை மடக்கிக் கதவைத் தட்டுவதுபோல. பூவாயி பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதில் பாதியைத் தவறவிடும் அவர் காதில் இந்தச் சத்தம் மட்டும் சுத்தமாக விழுந்தது. அதுதான் அவருக்கு ஆத்திரம்.

கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டரில் அவருடைய வண்டியைக் கவனித்துக்கொள்ள லிடியா என்ற பெண்ணைப் போட்டிருந்தார்கள். சிரித்த முகம், கையில் எப்போதும் டேப்லெட், எதற்கும் பதறாத குரல்.

"புது வண்டியில கிளிப் எல்லாம் செட்டாக கொஞ்சம் டைம் எடுக்கும் சார். உள்பலகையைக் கழட்டி ஃபெல்ட் ஒட்டித் தர்றோம். சரியாயிரும்."

ஃபெல்ட் ஒட்டினார்கள். அவிநாசி ரோட்டில் ஓட்டிக் காட்டினார்கள், பள்ளத்தில் இறக்கிக் காட்டினார்கள், சத்தமில்லை. சங்ககிரி தாண்டி ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் கதவு தட்டியது. இரண்டாம் முறை ரப்பர் பட்டை மாற்றினார்கள், கண்ணாடி இறங்கும் தண்டவாளத்தை மாற்றினார்கள். கதவு தட்டியது. மூன்றாம் முறை மருத்துவர் வைப்பதுபோல ஒரு குழாயைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு மெக்கானிக் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு வந்தார். அவர் கூட வந்த அவிநாசி வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. "உங்க ஊர் ரோடு சரியில்லை சார்" என்று அவர் சொன்னபோது அர்த்தநாரி போட்ட சத்தத்தில் சர்வீஸ் சென்டரில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவள் பூவாயி. உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போகும் வழியில், ஒரு வளைவு வரவரக் கதவு வேகமாகத் தட்டுவதையும், வளைவு தாண்டியதும் தளர்ந்து ஓய்வதையும் அவள் கவனித்தாள்.

"ஏனுங்க, சித்த நிறுத்துங்க. பின்னால எடுங்க."

பின்னால் எடுத்தபோது கதவு மறுபடி பதறியது. பூவாயி பட்டுச்சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அறுப்பு முடிந்து சோளத்தட்டைகள் குத்திட்டு நின்ற காட்டுக்குள் இறங்கி நடந்தாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"அங்கன ஒரு போர்க்குழிங்க. கேசிங் பைப்ப உருவிட்டுப் போயிருக்கறாங்க. வாயத் தொறந்துக்கிட்டுக் கெடக்குது. மேல ஒரு சாக்கு, அதுவும் மக்கிப் போச்சு."

இருவருமாக ஒரு பலகைக்கல்லைப் புரட்டிக் கொண்டுபோய்க் குழியின் மேல் போட்டார்கள். திரும்பி வந்து கதவைச் சாத்தினால், கார் கோயில் கருவறைபோல இருந்தது. காதுகுத்து முடிந்து திரும்பும் வழியில் வேறொரு இடத்தில் கதவு தட்டியது. அங்கேயும் ஒரு குழி. தண்ணீர் வராத போரின் குழாயைத் திரும்பவும் உபயோகத்துக்கு உருவி எடுத்துக்கொண்டு, மண்ணுக்குள் ஒரு நீண்ட இருட்டை மட்டும் விட்டுவிட்டுப் போன குழி.

ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவ்வளவு பெரிய காருக்கு இதுகூடத் தெரியாதா என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பஞ்சாயத்துத் தலைவி கோகிலா மறுநாளே வந்து, அங்கன்வாடியைச் சுற்றி ஒருதரம் ஓட்டிக் காட்டச் சொல்லிக் கூட்டிப்போனாள். அங்கன்வாடிச் சுவருக்குப் பின்னால் ஊமத்தைச் செடி மறைத்த இடத்தில் ஒன்று இருந்தது. அதை மூடிய அன்று டீச்சர் காருக்கு ஆரத்தி எடுத்தாள். அதன் பிறகு நடக்கத் தொடங்கிய பிள்ளை உள்ள வீடுகளிலிருந்தெல்லாம் ஆள் வந்தது, இளநீர் வந்தது, தட்டப்பயிறு வந்தது, மஞ்சத்தண்ணி கொண்டுவந்த பெண்கள் மற்ற மூன்று கதவுகளைத் தொடாமல் இடது பின்கதவுக்கு மட்டும் தெளித்துவிட்டுப் போனார்கள். பரிசோதித்துப் பார்க்கிறேன் என்று ஒருவர் தன் குழியை ரகசியமாக மூடித் திறந்து மூடிப் பார்த்தார். கதவு நிறுத்தித் தட்டி நிறுத்தியது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். தொலைந்த மூக்குத்தியைத் தேடித் தரச்சொல்லி ஒரு பெண் காரைத் தன் வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னாள். கார் ஒன்றும் சொல்லவில்லை. தனக்கு விதித்த வேலைக்கு மேல் அது செய்யாது என்று ஊரார் அதை இன்னும் மதித்தார்கள்.

ஆனால் ஒவ்வொரு குழியையும் மூடியதும் ஒரு கேள்வி எழுந்தது. இந்தக் குழியைப் போட்டது யாருடைய வண்டி? பைப்பை உருவியது யார்? நிலத்துக்காரர் ரிக்காரரைக் காட்டினார், ரிக்காரர் நிலத்துக்காரரைக் காட்டினார், கார் நடுவில் நின்றது. சிலர் அது வருகிறது என்று தெரிந்தால் தோட்டத்துக் கேட்டைப் பூட்டினார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் அர்த்தநாரிக்குப் பக்கத்து இலை காலியாகவே கிடந்தது. ஒருநாள் மாரப்பன் வீட்டுக்கே வந்துவிட்டார். அர்த்தநாரியின் தங்கையைக் கட்டியவர், ஊரிலேயே அதிக ரிக் வண்டி வைத்திருப்பவர், அவர் குரலும் இதே குரல்தான். இரண்டு பேரும் பேசியது தெருக்கோடி வரை கேட்டது.

"மாப்ள, உன்ற காரு நம்ம மானத்த வாங்குது. நாளைக்குக் கலெக்டர் வந்து ஒவ்வொரு குழிக்கும் ஒரு ஆளப் புடிப்பாரு. மொத ஆளு நீதான்."

"நான் என்ன பண்ணட்டும் மச்சான்? சத்தம் எனக்கு மட்டும் சந்தோசமா?"

"கதவைக் கழட்டி எறி. சத்தம் கதவுலதான?"

மாரப்பன் போன பிறகு அர்த்தநாரி வெகுநேரம் போர்டிகோவில் நின்றார். கலெக்டர் பயம் அவருக்கு அவ்வளவாக இல்லை. ஒடிசாவுக்குப் போவதற்கு முன்னால், மழை பொய்த்த ஒரு கோடையில் ஊருக்கு வந்திருந்தபோது, இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அவர் போட்ட குழிகள் எத்தனை, எந்தெந்தக் காட்டில், எது தண்ணீர் தந்தது, எது புழுதிப் புகையை மட்டும் கக்கியது என்று எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை. கார் எங்கேயாவது தட்டும்போது, இது என்னுடையதாக இருக்குமோ என்று சுற்றிலும் காட்டை உற்றுப் பார்த்தார். அமைதிக்காக வாங்கிய காரில் அவர் இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

லிடியாவுக்குப் போன் போட்டார். "கதவையே மாத்திக் குடுங்க."

"கம்பெனியில பேசி அப்ரூவல் வாங்கிட்டேன் சார். புதுக் கதவு வந்ததும் கூப்பிடறேன்."

பூவாயியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள். கதவு வந்துவிட்டது என்று லிடியா கூப்பிட்ட அன்று, சாதா சர்வீஸ் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அன்று பிற்பகல் சர்வீஸ் சென்டரின் குளிர்ந்த அறையில், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தன் காரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இடது பின்கதவைக் கழற்றி ஒரு மேசைமேல் படுக்கவைத்திருந்தார்கள். உள்ளிருந்து வண்ண வண்ண ஒயர்கள் தொங்கின. பக்கத்தில் புதுக் கதவு, பிளாஸ்டிக் உறை போட்டு, ஒரு கீறல் இல்லாமல் நின்றது. அப்போது பூவாயியின் போன் வந்தது. அவள் அழுதுகொண்டிருந்ததால் அவருக்குப் புரியவில்லை. மறுபடி மறுபடி சொல்லச் சொன்னார். கடைசியில் கோகிலா போனை வாங்கிச் சொன்னாள்.

"அண்ணா, செங்கல் சூளையில வேல செய்யற ஒடியாக்காரங்க புள்ள ஒன்னக் காணம். குனின்னு பேரு. நாலு வயசுப் பொண்ணு. மத்தியானத்துல இருந்து தேடறோம். சூளையைச் சுத்தி ஒரே புல்லுக் காடா இருக்குது. கால வெக்கவே பயமா இருக்குதுண்ணா. நாங்க மிதிச்சு மண்ணு சரிஞ்சிட்டா? கார எடுத்துக்கிட்டு வந்துருங்க."

அர்த்தநாரி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். "பழைய கதவ மாட்டுங்க!"

மெக்கானிக்குகள் திகைத்துப் பார்த்தார்கள். உள்ளே யாரும் வரக்கூடாது சார் என்று ஒருவன் சொன்னான். லிடியா ஓடி வந்தாள். அவர் சொன்னதை அவள் முழுதாகக் கேட்டாள். கார் எப்படிக் கண்டுபிடிக்கும் என்று அவள் கேட்கவில்லை. எத்தனையோ வண்டிகளின் எத்தனையோ சத்தங்களைக் கேட்டவள் அவள். காரணமில்லாமல் எதுவும் சத்தம் போடாது என்பது அவளுடைய நம்பிக்கை.

"கதவை மட்டும் கீலில மாட்டிக் குடுங்க அண்ணா" என்று மெக்கானிக்கிடம் சொன்னாள். "உள்பலகை வேண்டாம், லாக் வேண்டாம். நான் பின்னால உக்காந்து புடிச்சுக்கறேன்."

அப்படியே வந்தார்கள். அவிநாசி, பெருந்துறை, பவானி, சங்ககிரி என்று ஊர்கள் பின்னால் ஓட, பூட்டில்லாத கதவை ஒரு துணிக்கயிற்றால் கட்டி, கயிற்றைக் கையில் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டு லிடியா பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். காற்று அந்த இடுக்கு வழியாக ஊளையிட்டது. ஒயர்கள் அவள் முழங்காலில் ஆடின. கடவுளே கடவுளே என்று அவள் வாய் ஓயாமல் முணுமுணுத்தது அவருக்குக் கேட்கவில்லை, கண்ணாடியில் உதடு அசைவதுதான் தெரிந்தது. கழற்றி மாட்டியதில் சத்தம் போயிருந்தால் என்ன செய்வது என்று அவர் நினைத்தார். இத்தனை நாள் போகவேண்டும் என்று எதைக் கும்பிட்டாரோ அது போயிருக்கக்கூடாது என்று வழியெல்லாம் கும்பிட்டார். சங்ககிரி தாண்டினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. ஊர் எல்லைப் பலகை தாண்டியது. ஒன்றுமில்லை. அவர் வேகத்தைக் குறைத்துக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"சார்" என்றாள் லிடியா.

டொக்.

சூளைக்குப் போகும் மண்பாதையில் ஊரே ஒதுங்கி நின்று வழி விட்டது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. குனியின் தாய் பசந்தி, முகமெல்லாம் செம்மண்ணாக, இரண்டு பெண்களின் பிடியில் திமிறிக்கொண்டிருந்தாள். காரை எல்லாரும் பார்த்தார்கள். அர்த்தநாரி பாதையை விட்டுப் புல்லுக்குள் காரை இறக்கினார். கருநீலப் பெயிண்டில் முள் கீறும் சத்தம் நீளமாகக் கேட்டது. கதவு தட்டியது. இடப்பக்கம் திருப்பினார், தளர்ந்தது. வலப்பக்கம் திருப்பினார், பதறியது. அவர் ஊர்ந்து ஊர்ந்து போனார். கடைசியில் விட்டுவிட்டுத் தட்டிய தட்டு ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உறுமலாக மாறியபோது, லிடியாவின் கை அந்த அதிர்வில் நடுங்கியது. அவர் வண்டியை நிறுத்தினார்.

முன்னால் புல் கொஞ்சம் விலகியிருந்தது. அங்கே அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்தது. ஒரு கால் முழங்காலுக்கு மேலே வரை தரைக்குள் போயிருந்தது. மற்றக் கால் மடிந்து புல்லின்மேல் கிடந்தது. அழுது அழுது ஓய்ந்துபோய்க் கையிலிருந்த புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அதன் தொடையைச் சுற்றி மண் ஒவ்வொரு அசைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து உள்ளே போனது.

அர்த்தநாரிக்கு அந்த இடம் தெரிந்தது. அந்தச் சரிவு, அதற்கப்பால் கரட்டுக் குன்றின்மேல் உட்கார்ந்த ஒற்றைப் பாறை. இது அவர் போட்ட குழி. புழுதி புகைந்து புகைந்து, தண்ணீர் வராமல், சலித்துப்போய்க் குழாயை உருவிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போன அந்தக் கோடை முழுதாக அவர் முன்னால் வந்து நின்றது.

பின்னால் ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். ஓட்டத்தில் மண் அதிர்ந்தால் குழியின் வாய் அகலும். குழந்தை பயந்து துள்ளினாலும் அகலும். கூப்பிட வேண்டும், ஆனால் மெதுவாகக் கூப்பிட வேண்டும். குழந்தைக்குத் தமிழ் தெரியாது. சூளையின் மற்ற ஒடியாக்காரர்கள் ரோட்டோரமாகத் தேடப் போயிருந்தார்கள்; அங்கே நின்றவர்களில் ஒடியா தெரிந்தவர்கள் அலறிக்கொண்டிருந்த தாயும் அவருமே. மெதுவாகப் பேசத் தெரியாதவர் அவர்.

வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுத்துக்கொண்டார். கையையும் காலையும் அகல விரித்து, பாரத்தைப் பரப்பி, பல்லிபோல நகர்ந்தார். பிறகு வாயைத் திறந்து, இளவயதில் ஒடிசாவின் பலாங்கீர்க் காடுகளில் டீக்கடைப் பிள்ளைகளிடம் பேசிய ஒடியாவில், தங்கமே, அசையாதே, மாமா வருகிறேன் என்று சொன்னார். சொன்னாரா என்பது அவருக்கே தெரியவில்லை. அவ்வளவு சின்னக் குரலை அவர் காது அறியாது. வாயிலிருந்து காற்று வந்ததா, வார்த்தை வந்ததா, இல்லை வழக்கம்போலக் கூச்சல்தான் போட்டாரா? குழந்தையின் முகத்தையே பார்த்தார். அது தலையைத் திருப்பியது. பயப்படவில்லை. காது கொடுத்தது. அப்படியென்றால் குரல் சரியான அளவில் வருகிறது. அதே அளவில், அதே மூச்சில், அம்மா அங்கே நிற்கிறாள், புல்லை எனக்குக் கொடுப்பாயா, கையை நீட்டு, கையை மட்டும் நீட்டு என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தார்.

குழந்தை புல்லை நீட்டியது.

அவர் புல்லோடு சேர்த்து மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த அதே கணத்தில் குழியின் விளிம்பு பெயர்ந்து உள்ளே போனது. குழந்தையின் இடுப்புக்குக் கீழே தரை இல்லை. முழுப் பாரமும் அவர் ஒரு கையில் தொங்கியது; அவர் மார்புக்கடியிலும் மண் நகர்ந்தது. யாரோ அவர் கணுக்கால்கள் இரண்டையும் பிடித்து இழுத்தார்கள். அவர் புல்லிலும் முள்ளிலும் உரசிக்கொண்டு பின்னால் போனார். குழந்தையும் அவரோடு வந்தது. மண் வெகுதூரம் கீழே விழுந்துகொண்டே இருந்தது. அது போய்ச் சேர்ந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

காலைப் பிடித்திருந்தவள் லிடியா. அவளுக்குப் பின்னால் அவள் இடுப்பைப் பிடித்தபடி பூவாயி உட்கார்ந்திருந்தாள்.

பசந்தி குழந்தையை வாங்கி முதுகில் இரண்டு அடி போட்டாள், பிறகு மார்போடு இறுக்கிக்கொண்டு புல்லிலேயே சரிந்தாள். சூளையிலிருந்து செங்கல்லும் மண்ணும் வந்தன. கை மாற்றிக் கை மாற்றி ஊரே குழியை நிரப்பியது. நிரம்பும் வரை அர்த்தநாரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இந்தக் குழியை யார் போட்டது என்று வழக்கம்போல யாரோ கேட்டார்கள்.

"நான்தான்" என்றார். அது எல்லோருக்கும் கேட்டது.

கோகிலா ஒரு கூடை மண்ணை அவர் கையில் கொடுத்தாள். அவர் எழுந்து போய்க் கொட்டினார்.

லிடியாவைப் பஸ் ஏற்றிவிடப் போகும்போது, "புதுக் கதவை என்ன பண்ணட்டும் சார்?" என்று அவள் கேட்டாள். அவள் உள்ளங்கையில் கயிறு அறுத்த தடம் சிவந்திருந்தது.

"திருப்பி அனுப்பிருங்க கண்ணு. இதுக்கு ஒரு பூட்டு மட்டும் போட்டுக் குடுங்க."

மறுநாள் காலை அவர் குளித்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு நேராக மாரப்பன் வீட்டுக்குப் போனார். கயிறு கட்டிய கதவும், முள் கீறிய பக்கமுமாகக் கார் வாசலில் நின்றது. ஊர் முழுக்க நடந்ததைச் சொல்லியிருந்தது, மாரப்பனும் கேட்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"மச்சான், ஏறுங்க" என்றார் அர்த்தநாரி.

மாரப்பன் முள் கீறிய பக்கத்தை விரலால் தடவினார். பிறகு முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். தெரு தாண்டி, தார்ரோடு தாண்டி, மாரப்பனின் தென்னந்தோப்புக்குப் போகும் வழியில் கார் திரும்பியது. எங்கே போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. தோப்புச் சுவர் தெரிந்தது. கேட்டில் பெரிய பூட்டு தொங்கியது. உள்ளே பம்புசெட் தொட்டிப் பக்கம் பிள்ளைகள் சிரித்துக் கத்துவது கேட்டது. பள்ளிக்கூட லீவுக்கு வந்த மாரப்பனின் பேரப்பிள்ளைகள்.

டொக் என்றது கதவு.

மாரப்பன் பின்னால் திரும்பிக் கதவைப் பார்த்தார். அது மறுபடி தட்டியது, அப்புறம் மறுபடி, கொஞ்சம் வேகமாக. அவர் இடுப்பில் சாவியைத் தேடினார். வேட்டி மடிப்புக்குள் அது கிடைக்க நேரமானது. இறங்கிப் போய்ப் பூட்டைத் திறந்து, துருப்பிடித்த இரும்புக் கேட்டைத் தோளால் தள்ளினார்.

"உள்ள வா மாப்ள" என்றார். அவர் இவ்வளவு சின்னக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை. "பாத்து வா. பசங்க அங்கதான் வெளையாடறாங்க."